அம்பார்ஃபே: பிரெஞ்சின் முடியாத இறந்தகாலம், தமிழ்க் காது கொண்டு பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ‘அத்தாந்த்ர்’, அதாவது ‘காத்திரு’ என்ற பிரெஞ்சு வினைச்சொல்லை அம்பார்ஃபே காலத்தில் எப்படித் திரிப்பது? பாஸே கொம்போஸேவும் (நடந்து முடிந்ததைச் சொல்லும் வடிவம்) இறந்தகாலம்தானே, எந்த இடத்தில் எதைப் போடுவது? ஆங்கிலத்தில் ‘வாஸ்’ வந்து வினையின் வாலில் ‘இங்’ வந்தால் அம்பார்ஃபே என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் பாதி இடத்தில் தப்பாகிறதே?

பாதி இடத்தில் தப்பாகத்தான் ஆகும். அந்த வாஸ்-இங் சூத்திரத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். அம்பார்ஃபே சொல்லும் விஷயத்தைத் தமிழ் ஏற்கெனவே மூன்று நான்கு வடிவங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆங்கிலத்தைவிடத் துல்லியமாக. அதைக் கவனிக்காமல் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதால்தான் தடுமாற்றம்.

முதலில் திரிபு. இது பிரெஞ்சிலேயே மிகச் சுலபமான காலம், பயப்பட ஒன்றுமில்லை. எழுத்துகளை ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன், பழகியது அதுதான். இன்னொன்று: நான் குறில் ‘எ’ எழுதினால் வாயைக் கொஞ்சம் திறந்து சொல்லும் ஒலி, நெடில் ‘ஏ’ எழுதினால் உதட்டை இழுத்துச் சொல்லும் ஒலி. நீளம் இங்கே முக்கியமில்லை.

நிகழ்காலத்தில் ‘நூ’ (நாம்) வடிவத்தை எடுங்கள்: நூஸாத்தாந்தோன், ‘நாம் காத்திருக்கிறோம்’. அதன் வாலில் இருக்கும் ஓ-என்-எஸ் மூன்றையும் வெட்டுங்கள். மிஞ்சுவது ‘அத்தாந்த்’ என்ற அடி. அதில் இந்த விகுதிகளை ஒட்டுங்கள்:

ஜாத்தாந்தெ (நான்): ஏ-ஐ-எஸ்
த்யு அத்தாந்தெ (நீ): ஏ-ஐ-எஸ்
இலாத்தாந்தெ (அவன்): ஏ-ஐ-டி
நூஸாத்தாந்தியோன் (நாம்): ஐ-ஓ-என்-எஸ்
வூஸாத்தாந்தியே (நீங்கள்): ஐ-ஈ-இசட்
இல்ஸாத்தாந்தெ (அவர்கள்): ஏ-ஐ-ஈ-என்-டி

நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கும் எழுத்தில் மூன்று விதம், காதுக்கு ஒரே விதம். எல்லாம் ‘அத்தாந்தெ’தான். ஐந்து எழுத்து நீளமுள்ள அந்தக் கடைசி விகுதியைப் பார்த்து ‘அத்தாந்தெயன்ட்’ என்று வாசிக்கிறவர்கள் உண்டு. ஈ-என்-டி மூன்றும் ஊமை. அப்படியானால் ‘அவன் காத்திருந்தான்’, ‘அவர்கள் காத்திருந்தார்கள்’ இரண்டையும் காது எப்படிப் பிரிக்கும்? இந்த வினை உயிரெழுத்தில் தொடங்குவதால் நடுவில் வரும் ‘ஸ்’ ஒலி (ஆங்கில இசட் போன்றது) காட்டிக்கொடுக்கிறது: இலாத்தாந்தெ, இல்ஸாத்தாந்தெ. ‘பேசு’ என்ற ‘பார்லே’ போல மெய்யில் தொடங்கும் வினையென்றால் அதுவும் கிடையாது. ‘இல் பார்லெ’ ஒருவனா பலரா என்பதைப் பேச்சின் போக்கிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த விகுதிகளுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. முன்பெல்லாம் இவற்றில் ஏ-வுக்குப் பதிலாக ஓ எழுதினார்கள். உச்சரிப்பு மாறி வெகுகாலம் ஆன பிறகும் எழுத்து மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வோல்தேர் இதை மாற்றச் சொல்லி வலியுறுத்தினார், தானும் மாற்றி எழுதினார். பிரெஞ்சு அகாதெமியின் அகராதி 1835 பதிப்பில்தான் ஒப்புக்கொண்டது. பழைய நூல்களைப் புரட்டும்போது ‘ஜேத்தெ’ (நான் இருந்தேன்) வரவேண்டிய இடத்தில் ஓ-ஐ-எஸ் என்று முடியும் சொல் கண்ணில் பட்டால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

‘நூ’வை வெட்டி ஒட்டும் முறை எல்லா வினைக்கும் பொருந்தும், ஒன்றே ஒன்றைத் தவிர. நிகழ்காலத்தில் தலைகீழாகத் திரியும் வினைகள்கூட இங்கே பெட்டிப்பாம்பாக அடங்கும். ‘அவ்வார்’ (உடைமை): நூஸாவோன், எனவே ஜாவெ. ‘அலே’ (போ): நூஸாலோன், எனவே ஜாலெ. ‘ஃபினீர்’ (முடி): ஜ ஃபினிஸெ. ‘ப்ராந்த்ர்’ (எடு): ஜ ப்ரனெ. ‘ஃபெர்’ (செய்) மட்டும் காதில் கொஞ்சம் ஏமாற்றும். எழுத்தில் முதல் அசையில் ஏ-ஐ இருந்தாலும் ‘ஃபெஸெ’ என்று சொல்லக்கூடாது, ‘ஃபஸெ’ என்று மங்கலாக வரும். அந்த ஒரே விதிவிலக்கு ‘எத்ர்’ (இரு). அதன் ‘நூ’ வடிவம் ‘நூ ஸோம்’, வெட்டுவதற்கு ஓ-என்-எஸ் வாலே இல்லை. அதனால் தனியாக ‘ஏத்’ என்ற அடி: ஜேத்தெ, இலேத்தெ, நூஸேத்தியோன். மழை பெய்தல், வேண்டியிருத்தல் போன்ற வினைகளுக்கு ‘நாம்’ வடிவமே கிடையாது. ‘இல் ப்லெவெ’, ‘இல் ஃபாலெ’ என்று அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழை வரும் இடங்கள் இரண்டு. ‘மான்ஜே’ (சாப்பிடு): ஜி எழுத்துக்குப் பின் ஏ வந்தால் ‘க’ ஒலி வந்துவிடும், அதைத் தடுக்க நடுவில் ஒரு ஈ நிற்கும். ‘நூ மான்ஜியோன்’ என்று வரும்போது ஐ இருப்பதால் அந்த ஈ-க்கு வேலை இல்லை, போய்விடும். ‘கொமான்ஸே’ (தொடங்கு) போன்றவற்றில் சி எழுத்தின் அடியில் போடும் வால் குறிக்கும் இதே கதைதான். இரண்டாவது, அடியே ஐ-யில் முடியும் ‘ஏத்யுதியே’ (படி) போன்ற வினைகள். ‘நாம் படித்துக்கொண்டிருந்தோம்’ என்பதில் ஐ எழுத்து இரண்டு தடவை வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

சரி, இனி பயன்பாடு. சிக்கல் எல்லாம் இங்கேதான்.

அம்பார்ஃபே என்ற பெயர் லத்தீனிலிருந்து வந்தது, ‘நிறைவு பெறாதது’ என்று பொருள். ‘குறையுள்ளது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செயல் நடந்து முடிந்ததா என்று இந்தக் காலம் கேட்பதில்லை. செயலுக்குள்ளே போய் நின்றுகொண்டு சுற்றிலும் பார்க்கிறது. ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. பாஸே கொம்போஸே வெளியே நின்று ‘இது நடந்தது, முடிந்தது’ என்று மூட்டை கட்டி வைக்கிறது.

இதைத் தமிழில் பாருங்கள். ‘சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவோம், மணிக்கணக்காக நீந்துவோம்.’ போவோம், நீந்துவோம் என்பவை வடிவத்தில் எதிர்காலம், பொருளில் கடந்தகால வழக்கம். பேச்சிலும் எழுத்திலும் தயங்காமல் சொல்கிறோம். இந்தப் ‘போவோம்’ பிரெஞ்சில் அம்பார்ஃபே: ‘நூஸாலியோன்’. வாஸ்-இங் சூத்திரம் இங்கே கையை விரித்துவிடும், ‘போவோம்’ விரிக்காது. ஆக, கடந்ததைப் பற்றிப் பேசும்போது உங்கள் வாயில் இயல்பாகப் ‘போவேன், வருவார், சொல்லுவாள்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அம்பார்ஃபே போடலாம்.

‘கொண்டிருந்தேன்’ இரண்டாவது. ‘நான் வாசித்துக்கொண்டிருந்தேன், அப்போது தொலைபேசி அடித்தது.’ வாசித்தது ‘ஜ லிஸெ’ என்று அம்பார்ஃபே, அடித்தது பாஸே கொம்போஸே. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்த உதாரணம் இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ‘எனக்கு அது அப்போதே தெரியும்.’ தெரிந்தது அல்ல, தெரியும். மனநிலை வினைகளில் தமிழ் இப்படித்தான்: தெரியும், பிடிக்கும், முடியும், வேண்டும். கடந்ததைச் சொல்லும்போதும் அதே வடிவம் நிற்கும். பிரெஞ்சில் இவை அம்பார்ஃபே: ‘ஜ சவெ’ என்றால் எனக்குத் தெரியும், தெரிந்திருந்தது. ‘ஜே ஸ்யு’ என்று பாஸே கொம்போஸே போட்டால் ‘தெரிய வந்தது’. ஒரே வினை, காலம் மாறியதும் பொருளே மாறுகிறது. ‘ஜ பூவெ’ என்றால் என்னால் முடியும், செய்தேனா இல்லையா என்பது வேறு விஷயம். ‘ஜே ப்யு’ என்றால் முடிந்தது, செய்தும் விட்டேன். ‘ஜாவெ பெர்’ என்றால் பயமாக இருந்தது. ‘ஜே யு பெர்’ என்றால் திடுக்கிட்டேன், பயந்துவிட்டேன். தப்பினால் கதை மாறிவிடும் இடம் ஒன்று உண்டு: ‘எலாவெ அனான்ஃபான்’ என்றால் அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. ‘எல் ஆ யு அனான்ஃபான்’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறந்தது.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் நாட்குறிப்பு ஒரு பக்கம் எழுதித் திருத்தக் கொடுத்தேன். கடந்துபோன நாளைப் பற்றியது என்பதால் எல்லா வினையையும் அம்பார்ஃபேயில் போட்டிருந்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: ‘சரி, அப்புறம் என்ன நடந்தது?’ மழை பெய்துகொண்டிருந்தது, நான் நடந்துகொண்டிருந்தேன், மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மேடையை அலங்கரித்துக்கொண்டே போயிருக்கிறேன், நாடகம் தொடங்கவே இல்லை. அம்பார்ஃபே கேட்பவரைக் காத்திருக்க வைக்கும். ஒரு பாஸே கொம்போஸே வந்து அந்தக் காத்திருப்பை உடைக்க வேண்டும்.

அடுத்து கால அளவு. இங்கே பலரும் வழுக்குகிறார்கள். நீண்ட காலம் நடந்தது என்றால் அம்பார்ஃபே என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ‘பாரிஸில் பத்து வருடம் வசித்தேன்’ என்பதற்குப் பாஸே கொம்போஸே: ‘ஜே அபித்தே’. பத்து வருடமானாலும் நூறு வருடமானாலும், அளவு போட்டு மூடிவிட்டீர்கள், அவ்வளவுதான். மூன்று தடவை, ஐந்து தடவை என்று எண்ணிச் சொன்னாலும் அப்படியே. எண்ணாமல் ‘திங்கள்கிழமைகளில்’ என்றால் அம்பார்ஃபே. பிரெஞ்சில் ‘லன்தி’ என்றால் அந்தத் திங்கள், முன்னால் ‘ல’ சேர்த்து ‘ல லன்தி’ என்றால் ஒவ்வொரு திங்களும். அந்த ஒற்றை ‘ல’ வினையின் காலத்தையே மாற்றிவிடும்.

நம் வினையான அத்தாந்த்ர்-க்கு வருவோம், இங்கே தமிழ் கொடுக்கும் துப்பு அபாரமானது. இரண்டு வாக்கியம்:

‘ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.’
‘ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன்.’

முதலாவதைச் சொன்னால் காத்திருப்பு முடிந்துவிட்டது, கிளம்பிவிட்டேன். இரண்டாவதைச் சொன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன், அடுத்து ஏதோ வரப்போகிறது. முதலாவது ‘ஜே அத்தாந்த்யு பாந்தான் யுனெர்’, பாஸே கொம்போஸே. இரண்டாவது ‘ஜாத்தாந்தெ தெப்வி யுனெர்’, அம்பார்ஃபே. பிரெஞ்சுக்காரர்கள் ‘பாந்தான்’, ‘தெப்வி’ என்று இரண்டு சொல் வைத்துப் பிரிப்பதை நாம் ‘ஆக’ என்ற விகுதியால் பிரிக்கிறோம். நேரமாக, நாளாக, வருடமாக என்று மனதில் வந்தால் தெப்வி, அதோடு அம்பார்ஃபே. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து இந்த இரண்டையும் நான் குழப்பியதில்லை.

நான் வந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்பதிலும் தமிழை நம்பலாம். நான் வந்தபோது அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள்: ‘எல் பார்த்தெ’, அம்பார்ஃபே. நான் வந்ததும் அவள் கிளம்பிவிட்டாள்: ‘எலெ பார்த்தி’, பாஸே கொம்போஸே. நான் வந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள்: ‘எலேத்தெ பார்த்தி’. இந்த மூன்றாவது வேறு காலம், ப்லுஸ்-க-பார்ஃபே. அதைக் கட்டும் துணைவினை ‘ஏத்தெ’ அம்பார்ஃபேதான், ஆகவே அதுவும் உங்களுக்குப் பாதி தெரிந்ததே.

தமிழ் கைவிடும் இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. முதல் வில்லன் ‘இருந்தது’. ‘படம் நன்றாக இருந்தது’, ‘விபத்து ஒன்று இருந்தது’ இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் போட முடியும். பிரெஞ்சில் வர்ணனைக்கு ‘ஸேத்தெ’ அல்லது ‘இல்யாவெ’, நிகழ்வுக்கு ‘இல்யா யு’. இங்கே ஒரு சின்னச் சோதனை: ‘இருந்தது’வை எடுத்துவிட்டு ‘நடந்தது’, ‘ஏற்பட்டது’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பாஸே கொம்போஸே. ‘படம் நன்றாக நடந்தது’ பொருந்தாது, எனவே அம்பார்ஃபே.

இரண்டாவது எதிர்மறை. ‘வரவில்லை’ என்ற ஒரே வடிவம் ஒருநாள் வராததையும் வழக்கமாக வராததையும் விழுங்கிவிடும். வழக்கத்தைச் சொல்லத் தமிழில் ‘அப்போதெல்லாம் அவர் வரமாட்டார்’ என்கிறோமே, அது அம்பார்ஃபே: ‘இல் ந வனெ பா’. ‘கதவு திறக்கவே மாட்டேன் என்றது’ என்று உயிரில்லாத கதவுக்கும் பிடிவாதம் கொடுக்கிறோம். அதுவும் அம்பார்ஃபே. எத்தனை தடவை தள்ளினாலும் திறக்காத நிலை அது. ‘வில்லை’ குழப்பினால் ‘மாட்டா’னைப் போட்டுப் பாருங்கள், இயல்பாக ஒட்டினால் அம்பார்ஃபே.

மூன்றாவது, பிறர் சொன்னதைச் சொல்லும்போது. ‘உடம்பு சரியில்லை என்று சொன்னான்.’ சொன்னது நேற்று, ஆனால் ‘சரியில்லை’ அப்படியே நிற்கிறது, தமிழுக்கு அது போதும். பிரெஞ்சில் சொன்ன வினை இறந்தகாலம் என்றால் உள்ளே இருக்கும் நிகழ்காலமும் பின்னோக்கி நகர்ந்து அம்பார்ஃபே ஆகும்: ‘இல் ஆ தி கிலேத்தெ மலாத்’. இதற்குத் தமிழில் துப்பு எதுவும் கிடையாது, பழக்கம்தான் வழி. ‘என்று சொன்னான், என்று நினைத்தேன்’ வரும் இடமெல்லாம் ஒரு நொடி நின்று பாருங்கள்.

அம்பார்ஃபே கடந்தகாலத்தைச் சொல்லாத இடங்களும் உண்டு. ‘சி’ (இருந்தால், போனால் என்பதில் வரும் ‘ஆல்’) என்ற சொல்லோடு வந்தால் அது கற்பனை: ‘சி ஜாவெ ல தான், ஜ வியாந்த்ரெ’, ‘நேரம் மட்டும் இருந்தால் வருவேன் (ஆனால் இல்லை)’. இறந்தகால வடிவத்தை நிபந்தனைக்குப் பயன்படுத்துவது விநோதமாகத் தோன்றினால் நம் ‘இருந்தால்’, ‘போனால்’ இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ‘இருந்த்’, ‘போன்’ என்ற இறந்தகால அடியில்தான் ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது. ‘சி ஓனலெ ஓ சினேமா?’ என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டால் அது அப்படியே நம் ‘சினிமாவுக்குப் போனால் என்ன?’. ஒரு வித்தியாசம்: தமிழ் ‘இருந்தால்’ நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் பொது. பிரெஞ்சில் நடக்கக்கூடியதற்கு ‘சி’யோடு நிகழ்காலம், நடக்காததற்குத்தான் அம்பார்ஃபே.

‘சி’ இருக்கும் பகுதியிலேயே ‘வியாந்த்ரெ’ போல ‘ரெ’யில் முடியும் வடிவத்தைப் போடுவது பிரெஞ்சுக் குழந்தைகளே செய்யும் தவறு. அதற்குப் பள்ளியில் ஒரு சிலேடை சொல்லிக்கொடுப்பார்கள்: ‘லே சி நெம் பா லே ரெ’. ‘சி’களுக்கு ‘ரெ’களைப் பிடிக்காது என்று பொருள். காதால் மட்டும் கேட்டால் ‘ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது’ என்றும் விழும்.

பணிவுக்கும் இதே காலம். ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்றிருந்தேன்’ என்று நாம் ஆசையைக் கடந்தகாலத்தில் தள்ளி வைத்துக் கேட்கிறோமே, பிரெஞ்சில் ‘ஜ வூலெ வூ தமாந்தே’ அதேதான். குழந்தைகள் விளையாட்டில் பாத்திரம் பிரிக்கும்போதும் அம்பார்ஃபே வரும்: ‘நான் டாக்டராக இருந்தேனாம், நீ நோயாளியாக இருந்தாயாம்.’ பாடப்புத்தகத்தில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ‘இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் ரயிலை விட்டிருப்பேன்’ என்பதற்கும் பிரெஞ்சில் ‘ஜ ராத்தெ’ என்று வெறும் அம்பார்ஃபே போதும். ரயில் கிடைத்துவிட்டது என்பது கேட்பவருக்குப் புரியும்.

காதுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஜே பார்லே’ (பேசினேன்), ‘ஜ பார்லெ’ (பேசிக்கொண்டிருந்தேன், பேசுவேன்) இரண்டும் வேகமாகப் பேசும்போது கிட்டத்தட்ட ஒன்றாக விழும். வாலில் இருக்கும் ஏ-எ வித்தியாசத்தைத் துரத்தாதீர்கள், பல பிரெஞ்சுக்காரர்களே அதை ஒழுங்காகப் பிரித்துச் சொல்வதில்லை. தொடக்கத்தில் ‘ஜே’ வந்ததா, ‘ஜ’ வந்ததா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, குழம்பக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். செய்தித்தாள்களிலும் வரலாற்றுக் கட்டுரைகளிலும் விதிக்கு நேர் எதிராக அம்பார்ஃபே வரும். 1802-ல் பெஸான்ஸோன் நகரில் விக்டர் ஹியூகோ ‘நெஸ்ஸெ’ என்று எழுதுவார்கள். பிறப்பு ஒரு நாள் நிகழ்வு, தேதி போட்டு மூடியது, நியாயப்படி அம்பார்ஃபே வரவே கூடாது. நிகழ்வை ஒரு காட்சிபோல நிறுத்திக் காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்வது அது. கால்பந்து வர்ணனை எழுதுகிறவர்கள் கோல் விழுந்ததைக்கூட இப்படி எழுதுவார்கள். வாசிக்கும்போது புரிந்துகொண்டால் போதும். நீங்கள் எழுதும்போது பாஸே கொம்போஸேவே போடுங்கள், இல்லையென்றால் உங்கள் தாளின் ஓரத்திலும் ‘அப்புறம்?’ என்று சிவப்பு மை வரும்.